செய்தியாளர் இல்லாத அறையில் எழுதப்படும் ஆணைகள்

இணையச் செய்தியாளர்களுக்கு ரகசியமாகத் தகவல் தந்தவர்களின் அடையாளத்தைக் கேட்டு வரும் மனுக்களை விசாரிக்கும் நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதிபதிகளுக்கு,

வணக்கம். இணையத்தில் வெளியான ஒரு செய்திக்குத் தகவல் தந்தவர் யார் என்று அறிய விரும்பும் ஒரு நிறுவனமோ காவல் துறையோ அரசுத் துறையோ உங்களிடம் மனுவோடு வரும்போது, அந்த மனுவால் வேலையையும் சில வேளைகளில் விடுதலையையும் இழக்கப் போகிற மனிதர் உங்கள் அறையில் இருப்பதில்லை. அவரால் இருக்கவும் முடியாது. தன் பக்க நியாயத்தைச் சொல்ல அவர் எழுந்து நின்ற நொடியிலேயே மனுதாரர் கேட்டது கிடைத்துவிடும். அவருக்காக அங்கே பேசக்கூடியவர், பெயரை வெளியிடமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்த செய்தியாளர் ஒருவரே. அந்தச் செய்தியாளருக்கும் தெரியாமலேயே இன்று ஆணைகள் எழுதப்படுகின்றன என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் இணையத்தில் மட்டுமே வெளியாகும் செய்திகளை எழுதுகிறவன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரகசியம் காப்பதாக உறுதி தந்து பெற்ற தகவலின் பின்னால் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும்படி எந்தச் செய்தியாளரையும், அவர் அச்சில் எழுதினாலும் இணையத்தில் எழுதினாலும், சட்டம் கட்டாயப்படுத்தக் கூடாது. ஓர் உயிரையோ, நிரபராதி ஒருவரின் விடுதலையையோ, பொய்யால் சிதைக்கப்பட்ட ஒருவரின் வாழ்வையோ காப்பாற்ற வேறு வழியே இல்லை என்று மெய்ப்பிக்கப்படும் மிக அரிய வழக்குகள் மட்டுமே இதற்கு விலக்காக இருக்கலாம். செய்தியாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றால், அவருடைய மின்னஞ்சல் நிறுவனத்தையோ தொலைபேசி நிறுவனத்தையோ கட்டாயப்படுத்தி அதே பெயரை எடுப்பதும் கூடாது. இந்த இரண்டாவது பகுதிக்கு நீதிமன்றங்கள் போதிய கவனம் தரவில்லை என்று கருதுகிறேன்.

தகவல் தந்தவரைக் காப்பது செய்தியாளர்களுக்குத் தரப்படும் ஒரு சலுகை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதனால் விளையும் துன்பம் யார்மீது விழுகிறது என்று பார்த்தாலே அந்த எண்ணம் நிற்காது. 1983 இல் பிரிட்டன் வெளியுறவுத் துறையில் எழுத்தராக இருந்த 23 வயதுப் பெண் ஒருவர், அமெரிக்காவின் க்ரூஸ் ஏவுகணைகள் இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் படைத்தளத்துக்கு வந்து சேர்வது தொடர்பான ஆவணங்களின் நகலைத் தன் பெயர் சொல்லாமல் ‘கார்டியன்’ நாளிதழுக்குச் சேர்ப்பித்தார். ஆவணத்தை ஒப்படைக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது, நாளிதழும் ஒப்படைத்தது. நகலெடுத்த இயந்திரத்தின் அடையாளங்களைக் கொண்டு அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தார்கள். 1984 இல் அவருக்கு 6 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆணை நாளிதழின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. சிறைக்குப் போனவர் அந்த ஆணைக்கான விசாரணையில் எந்தத் தரப்பாகவும் இல்லாதவர்.

அவரைப் போன்ற ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த நீதிமன்றமும் அறிய வழியில்லை. வராமல் போன தகவலுக்கு வழக்கு எண் கிடையாது. உங்கள் முன் இருக்கும் தராசின் ஒரு தட்டில் மனுதாரரின் இழப்பு கணக்கிடப்பட்டு, ஆவணங்களோடு வைக்கப்படுகிறது. மறு தட்டில் வைக்க வேண்டிய இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. இதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996 இல் குட்வின் வழக்கில் தெளிவாக உணர்ந்தது. ‘தி எஞ்சினியர்’ என்ற தொழில்துறை இதழில் பயிற்சிச் செய்தியாளராக இருந்த வில்லியம் குட்வினுக்கு, ஒரு நிறுவனத்தின் நிதி நெருக்கடி பற்றி 1989 இல் தொலைபேசியில் தகவல் வந்தது. செய்தி வெளியாகாதபடி நிறுவனம் தடையாணை பெற்றது. அதன் பிறகும் குறிப்பேட்டைக் கொடு, பெயரைச் சொல் என்று கேட்டது. மறுத்த குட்வினுக்கு 5,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. தகவல் தந்தவர்களைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று என்றும், அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் பொதுமக்களுக்குச் செய்தி சேர உதவ வேண்டியவர்கள் அஞ்சி விலகிவிடுவார்கள் என்றும் அந்த நீதிமன்றம் அமைந்த ஸ்ட்ராஸ்பூர்க்கில் 11 நீதிபதிகள் ஒருபுறமும் 7 பேர் மறுபுறமுமாக நின்று தீர்ப்பானது. செய்தி வெளிவராமலேயே தடுக்கப்பட்டுவிட்ட நிலையில் பெயர் எதற்கு என்ற கேள்விக்கு, கசியவிட்ட ஊழியரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது தவிர நிறுவனத்திடம் பெரிய பதில் இல்லை. பெயர் கேட்டு வரும் மனுக்களைப் படிக்கும்போது, நடந்த தீங்கைச் சரிசெய்யக் கேட்கிறார்களா, பேசியவரைத் தண்டிக்கக் கேட்கிறார்களா என்று பிரித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

இனி இணையத்துக்கு வருகிறேன். இணையச் செய்தியாளர் ஒருவர் பாதுகாப்புக் கேட்டால் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் கேள்வி, இவர் உண்மையிலேயே செய்தியாளரா என்பது. அச்சகம் இல்லை, அலுவலகம் இல்லை, அடையாள அட்டை இல்லை, சில சமயம் சம்பளமும் இல்லை என்று அடுக்குவார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு நீதிமன்றம் பொறுமையாக விடை தேடிய வழக்கு ஒன்று உண்டு. 2004 நவம்பரில், ஆப்பிள் நிறுவனம் இன்னும் அறிவிக்காத ‘ஆஸ்டிராய்டு’ என்ற கருவியைப் பற்றிப் பவர்பேஜ், ஆப்பிள் இன்சைடர் ஆகிய இணையத் தளங்கள் எழுதின. இசைக் கருவிகளைக் கணினியோடு இணைத்துப் பதிவு செய்ய உதவும் ஒரு பெட்டி அது. கசியவிட்டவர்கள் யாரென்று தெரியாததால், பெயர் அறியாத நபர்கள்மீது ஆப்பிள் அந்த ஆண்டு டிசம்பரில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. பெயர்களைப் பெற, இணையத் தளங்களிடமும் பவர்பேஜின் மின்னஞ்சல்களை வைத்திருந்த நிறுவனத்திடமும் ஆவணங்களைக் கேட்க அனுமதி பெற்றது. அதைத் தடுக்கும்படி செய்தியாளர்கள் கேட்டதை 2005 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம் மறுத்தது.

கசிந்தது உயிர்களைக் காக்கும் செய்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் இந்த வழக்கைத்தான் நான் முதன்மையாக எடுக்கிறேன், ஏனென்றால் செய்தியின் பெருமை சிறிதாக இருக்கும்போதுதான் விதி எதன்மேல் நிற்கிறது என்பது துலக்கமாகத் தெரிகிறது. 2006 மே 26 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்தது. எது முறையான செய்தி, எது முறையற்ற செய்தி என்று பிரிக்க நீதிமன்றம் கையாளத்தக்க அளவுகோல் எதுவும் இல்லை என்றும், அந்தப் பிரிப்பில் இறங்குவதே கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும் அரசியல் சட்ட விதிக்கு முரணானது என்றும் அது சொன்னது. தகவலைத் திரட்டிப் பொதுமக்களுக்குத் தருவதையே நோக்கமாகக் கொண்டு தொடர்ந்து வெளியிடும் ஓர் இணையத் தளம், கலிபோர்னியாவின் செய்தியாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்றது. அதே தீர்ப்பில் எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுபவை வேறு இரண்டு. தன் ஊழியர்களைச் சத்தியப் பிரமாணத்தின் கீழ் விசாரிப்பது போன்ற வழிகளை ஆப்பிள் முதலில் முயன்று பார்க்கவில்லை என்பதை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். மின்னஞ்சல் சேவை நிறுவனத்திடமிருந்து கடிதங்களை உரிமையியல் வழக்கின் அழைப்பாணையால் எடுக்க மத்தியச் சட்டம் இடம் தரவில்லை என்றும் தீர்ப்பளித்தார்கள். செய்தியாளரைச் சுற்றிக்கொண்டு போகும் வழியையும் அடைத்த தீர்ப்பு அது.

எல்லா நீதிமன்றங்களும் இப்படி நடக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2005 இல் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்ட ஜோஷ் வுல்ஃப், வெளியிடாத காட்சிகளை, குற்றம் சாட்ட முகாந்திரம் உண்டா என்று ஆராயும் நடுவர் குழுவிடம் (கிராண்ட் ஜூரி) ஒப்படைக்க மறுத்ததற்காக 226 நாட்கள் சிறையில் வைக்கப்பட்டார். எந்தச் செய்தி நிறுவனத்திலும் வேலையில் இல்லாத அவரைச் செய்தியாளராகவே ஏற்க அரசுத் தரப்பு மறுத்தது. சம்பளச் சீட்டைப் பார்த்துப் பாதுகாப்பை அளக்கத் தொடங்கினால், யாருடைய பின்புலமும் இல்லாமல் எழுதுகிறவர்தான் முதலில் சிறைக்குப் போவார். பெரிய ஊடகங்கள் தொடத் தயங்குவதைத் தொடுகிறவரும் பல நேரங்களில் அவர்தான்.

வேலை செய்பவரின் தகுதியைப் பார்க்காமல் வேலையைப் பார்க்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் 1981 ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 10 ஆவது பிரிவு, தான் பொறுப்பேற்கும் வெளியீட்டில் உள்ள தகவலின் மூலத்தைச் சொல்ல மறுக்கும் ‘ஒரு நபர்’ என்றே பேசுகிறது. செய்தியாளர் என்ற சொல்லையே அது கையாளவில்லை. பெல்ஜியத்தில் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் தந்தபோது, அடுத்த ஆண்டே அந்த நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த வரம்பை நீக்கி, செய்திப் பணியில் ஈடுபடும் எவருக்கும் அது உரியது என்றாக்கியது. பிலிப்பைன்ஸ் 1946 இல் இயற்றிய சட்டத்தை 2019 இல் திருத்தி இணையச் செய்தியாளர்களையும் சேர்த்துக்கொண்டது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2011 இல் வெளியிட்ட 34 ஆவது பொதுக் கருத்துரை, செய்திப் பணி என்பது வலைப்பதிவர்களும் தாமே வெளியிடுவோரும் உட்படப் பலர் பகிர்ந்துகொள்ளும் பணி என்று ஏற்றது. மறுபுறம், கனடா 2017 இல் கொண்டுவந்த, மற்ற வகைகளில் நல்லதான சட்டம், செய்திப் பணியையே முதன்மைத் தொழிலாகக் கொண்டு ஊதியம் பெறுகிறவரை மட்டுமே செய்தியாளர் என்கிறது. பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் ஊழலை ஆராய்ந்து எழுதுகிறவர் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்.

இந்தியாவின் நிலையையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். 1978 ஆம் ஆண்டுப் பத்திரிகை மன்றச் சட்டத்தின் 15 ஆவது பிரிவு, தகவலின் மூலத்தைச் சொல்லும்படி நாளிதழையோ செய்தி நிறுவனத்தையோ ஆசிரியரையோ செய்தியாளரையோ கட்டாயப்படுத்த முடியாது என்கிறது; ஆனால் அந்தப் பாதுகாப்பு அந்த மன்றத்தின் விசாரணையோடு நின்றுவிடுகிறது, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 27 அன்று, தகவல் தந்தவர்களைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்திலிருந்து பிறக்கும் முக்கியத் தேவை என்று சொன்னது. அந்தக் கருத்து சட்டப் பிரிவாக மாறும் வரை, அதை நடைமுறையாக்கும் பொறுப்பு ஒவ்வொரு வழக்கிலும் அதை விசாரிக்கும் நீதிபதியிடமே இருக்கிறது.

நான் மிகவும் கவலைப்படும் பகுதி இனிதான் வருகிறது. குட்வினிடம் பெயரைக் கேட்டார்கள், அவர் மறுத்தார், அபராதம் கட்டினார், ஆனால் பெயர் வெளிவரவில்லை. மறுக்கும் உரிமையை நாட்டின் நீதிமன்றங்கள் ஏற்காதபோதும், தண்டனையை ஏற்றுக்கொண்டு மறுக்கும் வாய்ப்பாவது அவருக்கு இருந்தது. இன்று எங்கள் உரையாடல்கள் எங்களிடம் இருப்பதில்லை. மின்னஞ்சல் ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. யார் யாரை எத்தனை மணிக்கு அழைத்தார் என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. கைபேசி எங்கே இருந்தது என்பதும் பதிவாகிறது. ஒரு வரி உரையாடலைக்கூடப் படிக்காமல், யார், யாரோடு, எப்போது, எங்கிருந்து என்ற இந்த விவரங்களை (மெட்டாடேட்டா) மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தால் தகவல் தந்தவர் யார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆணை அந்த நிறுவனத்துக்குப் போகிறது. காப்பாற்ற வேண்டிய வாக்கு எதையும் அந்த நிறுவனம் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. ஒரு செய்தியாளர் தான் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பதை அறியாமலேயே காட்டிக்கொடுத்தவராகிறார்.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைச் சீனச் செய்தியாளர் ஷி தாவோவின் வழக்கில் உலகம் பார்த்தது. 1989 இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டம் ஒடுக்கப்பட்ட நிகழ்வின் 15 ஆவது ஆண்டு நிறைவை ஊடகங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்று அதிகாரிகள் தந்த அறிவுறுத்தலைப் பற்றி, அவர் 2004 ஏப்ரலில் தன் யாஹூ கணக்கிலிருந்து வெளிநாட்டு இணையத் தளம் ஒன்றுக்கு எழுதினார். அந்தக் கணக்கு பற்றிய விவரங்களை யாஹூ அதிகாரிகளிடம் கொடுத்தது. 2005 இல் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2013 இல்தான் வெளியே வந்தார். தகவலைப் பெற்ற இணையத் தளத்திடம் யாரும் எதையும் கேட்கவே தேவைப்படவில்லை.

அது ஒரு சர்வாதிகார அரசு, எங்கள் நாட்டில் சுதந்திரமான நீதித்துறை இருக்கிறது என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். அதனால் வேறு இரண்டு வழக்குகளையும் வைக்கிறேன். மாண்ட்ரியல் நகரக் காவல் துறை, தன் அதிகாரிகளுக்குள்ளிருந்து செய்தி கசிகிறது என்ற சந்தேகத்தில், ‘லா பிரெஸ்’ செய்தித்தாளின் பத்தியாளர் பட்ரிக் லகாசேயின் கைபேசியைக் கண்காணித்தது. அவர் யாரோடு தொடர்பு கொள்கிறார் என்பதை அறியவும், அவர் இருக்குமிடத்தைப் பின்தொடரவும் 2016 இல் குறைந்தது 24 ஆணைகள் பெறப்பட்டன. ஒவ்வொன்றும் முறைப்படி விண்ணப்பிக்கப்பட்டு நீதித்துறை அலுவலர்களால் அனுமதிக்கப்பட்டது. அது வெளியே தெரிந்தபோது எழுந்த கொந்தளிப்பின் விளைவே நான் மேலே சொன்ன கனடாவின் 2017 ஆம் ஆண்டுச் சட்டம்.

நியூசிலாந்தில் நடந்தது இன்னும் நேரடியாக உங்கள் பணியைத் தொடுகிறது. எந்தச் செய்தி நிறுவனத்தையும் சாராத புலனாய்வுச் செய்தியாளர் நிக்கி ஹேகர், ஒரு வலைப்பதிவரிடமிருந்து கசிந்த மின்னஞ்சல்களைக் கொண்டு 2014 இல் ஒரு நூல் எழுதினார். அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று காவல் துறை சோதனை ஆணையுடன் அவர் வீட்டுக்கு வந்து கணினிகளையும் தாள்களையும் எடுத்துச் சென்றது. அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தகவல் தந்தவரைத்தான் தேடினார்கள். அவருடைய வங்கிக் கணக்கு விவரங்களை வங்கி ஒன்று நீதிமன்ற ஆணை இல்லாமலேயே காவல் துறைக்குக் கொடுத்திருந்தது. 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சோதனை ஆணை சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஹேகருக்குச் சட்டப்படி செய்தியாளருக்கான பாதுகாப்பு இருக்கிறது என்ற விஷயத்தை, ஆணை வழங்கிய நீதிபதியிடம் காவல் துறை சொல்லவே இல்லை என்பதே முக்கியக் காரணம். அந்த நீதிபதி தவறான நோக்கத்தோடு கையெழுத்திடவில்லை. எதை எடைபோட வேண்டுமோ அது அவர் மேசைக்கு வரவே இல்லை.

கைபேசியையும் கணினியையும் பறிமுதல் செய்வது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைக் கேட்பது வேறு, கருவியை எடுப்பது வேறு. ஒருவருடைய பெயரைத் தேடி எடுக்கப்படும் கருவியில், அந்த வழக்கோடு சிறிதும் தொடர்பில்லாத, பல ஆண்டுகளாக நம்பிப் பேசிய எல்லோருடைய பெயர்களும் இருக்கின்றன. மருத்துவமனை ஊழியர் ஒருவரும், காவலர் ஒருவரும், வன்முறைக்கு ஆளான ஒருவரும் ஒரே கருவியில் இருக்கலாம். நெதர்லாந்தில் 2002 இல் சட்டவிரோதத் தெருப் பந்தயம் ஒன்றின் படங்கள் அடங்கிய குறுந்தகட்டை, அலுவலகத்தையே பூட்டிவிடுவோம் என்ற அச்சுறுத்தலோடு காவல் துறை ஒரு வாகன இதழிடமிருந்து வாங்கியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2010 செப்டம்பர் 14 அன்று ஒருமனதாக, பொருள் கைமாறுவதற்கு முன்பே சுதந்திரமான நீதிபதி ஒருவர் பரிசீலிக்க வேண்டும், கைமாறிய பின் செய்யும் ஆய்வு பாதுகாப்பின் சாரத்தையே அழித்துவிடும் என்று தீர்ப்பளித்தது. ஒரு குறுந்தகட்டுக்கே இவ்வளவு தேவை என்றால், ஒருவரின் முழுத் தொடர்புகளையும் சுமக்கும் கைபேசிக்கு எவ்வளவு தேவை என்பதை நீங்களே மதிப்பிட முடியும்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானவை உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டு இந்த மடலை முடிக்க எனக்கு விருப்பமில்லை. இணையத்தில் எழுதுகிற பலருக்குமேல் ஓர் ஆசிரியர் இல்லை. பெயரில்லாத யாரோ சொன்னதாக ஒருவரைப் பற்றி எதையும் எழுதிவிடலாம். தாக்கப்பட்டவர் யாரிடம் போய் நியாயம் கேட்பார்? இது வெறும் கற்பனை அச்சமல்ல. நியூசிலாந்தில் ஹேகரின் நூலுக்குக் காரணமான அதே வலைப்பதிவர், தான் ஒரு தொழிலதிபரைப் பற்றி எழுதிய தொடர் பதிவுகளுக்காக அவதூறு வழக்கைச் சந்தித்தபோது, தகவல் தந்தவர்களைச் சொல்ல மறுத்தார். 2014 செப்டம்பரில் உயர் நீதிமன்றம், வலைப்பதிவராக இருந்தாலும் அவர் சட்டத்தின் பொருளில் செய்தியாளரே என்று ஏற்றது. அதன் பிறகு, அந்தப் பதிவுகள் ஒரு தனிப்பட்ட பகையின் இயல்பைக் கொண்டவை என்றும், அவற்றில் பொதுநலன் மிகக் குறைவு என்றும் கண்டு, பெயர்களைச் சொல்லும்படி ஆணையிட்டது.

அந்த முடிவை நான் குறைசொல்லவில்லை. முதலில் பாதுகாப்பை ஏற்று, பிறகு அதை விலக்கப் போதிய காரணம் உண்டா என்று வெளிப்படையாக எடைபோட்ட முறை சரியானது. இணையத்தில் எழுதினார் என்பதாலேயே வாசலில் நிறுத்தியிருந்தால் அது வேறு. அவதூறைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: எழுதியவர் மறைந்திருக்கவில்லை. அவர் பெயரில் வெளியான சொற்களுக்கு அவரே பொறுப்பு. தகவல் தந்தவரைச் சொல்லாமல் உண்மையை மெய்ப்பிக்க முடியாவிட்டால் வழக்கில் தோற்கட்டும், இழப்பீடு கட்டட்டும். அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லாத செய்தியாளர் வாக்குக் கொடுக்கவே கூடாது என்று என் சக எழுத்தாளர்களிடமும் சொல்லி வருகிறேன். தாக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைக்கப் பெயர் இல்லாமலும் வழி இருக்கும்போது பெயரைப் பிடுங்கத் தேவையில்லை.

குற்றவியல் வழக்குகளில் தகவல் தந்தவரே தவறு செய்தவராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் கடினமானது. நோர்வேயின் இணையச் செய்தித்தளம் ஒன்றில் எழுதிய செய்தியாளர் பெக்கரின் வழக்கு இதற்கு நல்ல விளக்கம். ஓர் எண்ணெய் நிறுவனத்தைப் பற்றி 2007 இல் அவருக்குத் தகவல் தந்தவர், பங்குச் சந்தையைத் தன் லாபத்துக்காகக் குலைக்கவே அப்படிச் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். தானே அந்தத் தகவலைத் தந்ததாகக் காவல் துறையிடம் ஒப்புக்கொண்டும்விட்டார். ரகசியமே இல்லாமல் போன பிறகு எதைக் காக்கிறீர்கள் என்று கேட்டு, சாட்சி சொல்ல மறுத்த பெக்கருக்கு 30,000 குரோனர் அபராதம் விதித்தார்கள். 2017 அக்டோபர் 5 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை உரிமை மீறல் என்றது. தகவல் தந்தவரின் நடத்தை ஒரு காரணியாக இருக்கலாம், ஆனால் அது மட்டுமே பாதுகாப்பை நீக்கிவிடாது. பெக்கரின் சாட்சியம் இல்லாமலேயே தகவல் தந்தவர்மீதான வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்திருக்கிறது, எனவே தேவை என்ற நிபந்தனை நிறைவேறவில்லை என்பது அதன் சாரம். நீதிமன்ற வாசலில் செய்தியாளர் சாட்சியாக நிற்பதைப் பார்க்கும் அடுத்த தகவலாளர், இந்த வழக்கின் நுணுக்கங்களைப் படித்துவிட்டு முடிவெடுப்பதில்லை.

இவற்றையெல்லாம் வைத்து உங்களிடம் நான் கேட்பவை நடைமுறை சார்ந்தவை. புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லாதவை. ஓர் எண்ணையோ மின்னஞ்சல் கணக்கையோ இணைய முகவரியையோ பற்றிய விவரம் கேட்டு எந்த மனு வந்தாலும், அது செய்திப் பணியில் ஈடுபடும் ஒருவருடையதா, அதன்மூலம் தகவல் தந்தவர் வெளிப்படுவாரா என்பதை மனுதாரரே உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்லும்படி கேளுங்கள். ஹேகர் வழக்கில் விடுபட்டது அந்த ஒரு பத்திதான். அப்படிப்பட்ட மனு என்று தெரிந்தால், ஆணை மூன்றாம் தரப்பு நிறுவனத்துக்கே போவதாக இருந்தாலும் செய்தியாளருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் சொல்வதைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள். முன்கூட்டி அறிவித்தால் விசாரணை கெட்டுவிடும் என்று மெய்யாகவே நம்பத் தகுந்த வழக்கில், இல்லாதவருக்காகப் பேச ஒரு வழக்கறிஞரை நியமியுங்கள். கனடாவின் சட்டம் நீதிபதிக்கு இந்த வழியைத் தந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றி, இந்தப் பகுதியை 2025 ஆகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்திய ஊடகச் சுதந்திரச் சட்டம், செய்தியாளரை மட்டுமல்லாமல், அவரோடு தொழில்முறையிலோ தனிப்பட்ட முறையிலோ பழகுவதால் தகவல் தந்தவரை அறிந்திருக்கக்கூடிய மற்றவர்களையும் கட்டாயப்படுத்துவதற்கு வரம்பு விதித்திருக்கிறது. சுற்றுவழிகள் பெருகிவிட்டன என்பதைச் சட்டமியற்றியவர்களே உணரத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

மனுதாரர் தன் அமைப்புக்குள் என்னென்ன தேடிப் பார்த்தார் என்பதைப் பட்டியலிடச் சொல்லுங்கள். கசிந்த ஆவணம் எத்தனை பேரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அவர்கள் விசாரிக்கப்பட்டார்களா, உள் பதிவேடுகள் பார்க்கப்பட்டனவா என்று கேட்டாலே பல மனுக்கள் நிற்காமல் போகும். செய்தியாளரிடம் கேட்பது எளிது, செலவு குறைவு என்பது தேவைக்கான சான்று ஆகாது. எதிரே நிற்பவர் செய்தியாளரா என்ற கேள்வி எழுந்தால், அவர் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்பதைவிட, அந்தத் தகவலை அவர் எதற்காகத் திரட்டினார், பொதுமக்களுக்கு வெளியிடும் நோக்கம் அப்போதே அவருக்கு இருந்ததா என்பதைப் பாருங்கள். கருவிகள் எடுக்கப்பட்டிருந்தால், பாதுகாப்புக் கோரிக்கை தீர்க்கப்படும் வரை அவை முத்திரையிடப்பட்டு நீதிமன்றக் காவலில் இருக்கட்டும். புலனாய்வு அதிகாரியின் மேசையில் திறந்த நிலையில் இருக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு, உங்கள் முன் உள்ள வழக்கு அந்த அரிய வழக்குகளில் ஒன்றுதான், பெயர் வெளிவந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் முடிவுக்கு வரலாம். அந்த அதிகாரம் உங்களுடையது. அப்போதும் ஒன்றைச் செய்யும்படி வேண்டுகிறேன். பணம் தவறாகக் கைமாறினால் மேல்முறையீட்டில் திரும்பப் பெறலாம், நிலத்தையும் மீட்கலாம், சிறையில் இருப்பவரையும் விடுவிக்கலாம். வெளிவந்த பெயரை எந்த உயர் நீதிமன்றத்தாலும் மீண்டும் ரகசியமாக்க முடியாது. ஆகவே ஆணையின் கடைசி வரியாக, மேல்முறையீட்டுக்கான காலம் முடியும் வரையிலும், மேல்முறையீடு செய்யப்பட்டால் அது தீரும் வரையிலும் இந்த ஆணை நிறுத்திவைக்கப்படுகிறது என்பதையும், அதுவரை எந்தச் சேவை நிறுவனமும் எந்தத் தகவலையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
இணையத்தில் செய்தி எழுதும் ஒருவர்